கரட்டில் பறந்த சிஸ்டர்

சிஸ்டரிடம் ஒன்றைக் கேட்பதற்கு முன்னால், அதற்கான பதில் நமக்கு வேண்டுமா என்று யோசித்துக்கொள்வது எங்கள் பறக்கும் கிளப்பில் எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. தலைவரின் மனைவி ஒருமுறை யோசிக்காமல் கேட்டுவிட்டார். பொங்கலுக்கு எடுத்த பட்டுச்சேலையோடு கரட்டடிக்கு வந்திருந்தவர், "எப்படி இருக்குதுங்க சிஸ்டர்?" என்று சுற்றிக் காட்டினார்.

"சேலை நல்லா இருக்குதுங்க. உங்களுக்குத்தான் எடுப்பா இல்ல" என்றார் சிஸ்டர்.

சொல்லிவிட்டு இறக்கையின் கம்பியை முறுக்குவதில் மறுபடி குனிந்துகொண்டார். குத்தலும் இல்லை, சிரிப்பும் இல்லை. மணி கேட்டவருக்கு மணி சொல்வதுபோலத்தான் சொன்னார். தலைவரின் மனைவி அதற்குப் பிறகு கரட்டுப் பக்கம் வரவில்லை.

சிஸ்டர் சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். சொந்த ஊர் மல்லசமுத்திரம் பக்கம், காடு தோட்டம் உள்ள குடும்பம். நல்ல உயரம். ஆண்களுக்கு இருப்பதுபோல அகலமான மணிக்கட்டு. பெயர் இல்லாமலா இருக்கும்? நாங்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நானும் இங்கே எழுதப்போவதில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து தொடங்கியது எங்கள் கிளப். தலைவர் ஒரு ஜவ்வரிசி ஆலை முதலாளியின் மகன். வெளிநாட்டுக்குப் படிக்கப் போய், படிப்பை முடிக்காமல் ஒரு ஹேங் கிளைடரோடு திரும்பி வந்தவர். அலுமினியக் குழாய்களில் சட்டம், அதன்மேல் முக்கோணமாக விரித்துக் கட்டிய துணி. அவ்வளவுதான் இறக்கை. எஞ்சின் எதுவும் கிடையாது. பறப்பவர் உடம்பில் பட்டைகளைக் கட்டிக்கொண்டு, பட்டையின் கொக்கியை இறக்கையின் நடுத்தண்டில் மாட்டி, சரிவில் காற்றை எதிர்த்து ஓட வேண்டும். நாலு எட்டில் காற்று தூக்கிக்கொள்ளும். பிறகு கொக்கியில் தொங்கியபடி, கையிலிருக்கும் கம்பியை முன்னும் பின்னும் தள்ளித் திருப்பிக்கொள்ளலாம். ஒரு இறக்கையைப் பார்த்து இன்னும் இரண்டை நாங்களே செய்தோம். நான் சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் குமாஸ்தா. ஜீப் ஓட்டத் தெரியும் என்பதால் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

நாங்கள் பறந்தது சங்ககிரியைத் தாண்டி ஒரு கரட்டிலிருந்து. மலை என்று சொல்ல முடியாது. பாறையும் முள்ளுமாக மேற்கே பார்த்து நிற்கும் ஒரு மேடு. ஆனி மாதம் பிறந்துவிட்டால் பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் காற்று அதில் நேராக மோதி மேலே ஏறும். அந்தக் காற்றுக்காகத்தான் வருடம் முழுக்கக் காத்திருப்போம்.

தொடங்கிய சில வாரங்களிலேயே தலைவர் விழுந்து தோள்பட்டையை இறக்கிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுவிட்டது சிஸ்டர்தான். "பழையபடி வந்துருமுங்களா?" என்று தலைவர் கேட்டதற்கு, "கை வந்துருமுங்க. புத்தி வருமான்னு எனக்குத் தெரியாது" என்றார். பிறகு, எங்கே விழுந்தீர்கள், எப்படி விழுந்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில், "அடுத்த ஞாயித்துக்கெழம நானும் வாரேன். மருந்துப் பொட்டி ஒண்ணு இருக்கோணுமில்ல" என்றார்.

மருந்துப் பெட்டியோடு வந்தவர் சில வாரங்கள் ஓரமாக உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் எழுந்து, "நானும் ஓடிப் பாக்கறேன்" என்றார். ஜீப்புக்குப் பின்னால் துண்டை மறைப்பாகக் கட்டிச் சேலையை மாற்றி, தம்பியின் பேன்ட்டையும் முழுக்கைச் சட்டையையும் போட்டுக்கொண்டு வந்தார். ஏற்கெனவே அதைப் பையில் வைத்திருந்தார் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. கீழே கடலைக்காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து நின்றுவிட்டார்கள். அவர் தத்தித் தத்தி அவர்கள் பக்கத்தில் போய் இறங்கினார்.

"ஏனுங்கம்மிணி, உங்களுக்குக் கண்ணாலம் ஆயிருச்சுங்களா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"இல்லீங்க."

"இப்படிப் பறந்துக்கிட்டுத் திரிஞ்சா எப்படீங்க ஆகும்?"

"ஆகாதுங்க" என்றார் சிஸ்டர், முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டியபடி.

அது அப்படியே ஆனது. திருச்செங்கோட்டிலிருந்து பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருந்தவர், "கண்ணாலத்துக்கப்புறம் இதெல்லாம் உட்ருவீங்கல்ல?" என்று கேட்டாராம். இவர் "உடமாட்டேனுங்க" என்றாராம். "தட்டுல இருந்த பஜ்ஜியத் தின்னு முடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க" என்று ஜீப்பில் அவரே எங்களுக்குச் சொன்னார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரித்தாரா என்று எனக்கு நினைவில்லை.

ஏன் இவர் இப்படி என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். வார்டில் யாரிடமோ பொய்யாகத் தைரியம் சொல்லி, அது விபரீதமாக முடிந்து, அதிலிருந்து இப்படி ஆகிவிட்டார் என்று ஒரு கதை உலவியது. நான் ஒருமுறை கேட்டேவிட்டேன். "அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. எங்கப்பனும் இப்படித்தான். எங்கூர்ல எழவு ஊட்டுக்கு அவரை யாரும் கூப்பிட மாட்டாங்க" என்றார்.

என்னிடமும் அவர் அப்படி முகத்துக்கு நேராகச் சொன்னதுண்டு. இரண்டு வருடம் முட்டி மோதியும் எனக்கு ஒழுங்காக இறங்க வரவில்லை. மற்றவர்கள் "வந்துரும், வந்துரும்" என்பார்கள். சிஸ்டர் ஒருநாள், "உங்களுக்கு இது வராதுங்க. ஆசை இருக்குது, கை இல்ல. ஜீப்பு நல்லா ஓட்டறீங்க, அதைப் பாருங்க" என்றார். சில மாதம் அவரோடு நான் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பறக்கவும் இல்லை.

தலைவருக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஒருமுறை ஆள் சேர்ப்பதற்காக ஒரு கூட்டம் போட்டிருந்தோம். கல்லூரிப் பையன்களும் சிலருடைய அப்பாக்களும் வந்திருந்தார்கள். தலைவர் மைக்கில், "சைக்கிள் ஓட்டற மாதிரிதான், ஒரு பயமும் வேண்டாம்" என்றார். பின்வரிசையிலிருந்து சிஸ்டர் எழுந்தார். "சைக்கிள்ல உழுந்தா முட்டி போகுமுங்க. இதுல உழுந்தா ஆளே போயிரும். தெரிஞ்சுதான் வரோணும்." அப்பாக்கள் பையன்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

"அத்தனை பேரும் போயிட்டாங்க சிஸ்டர், உங்களால" என்று தலைவர் கத்தினார்.

"உசுரோடதான போறாங்க" என்றார் அவர்.

அன்றைக்குப் போகாமல் நின்ற ஒரே ஆள் குமரேசன். ஜலகண்டாபுரத்தில் தறிக்காரக் குடும்பம். அப்பா இல்லை, அம்மாவும் தங்கையும் மட்டும். பள்ளிபாளையத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் வேலை. சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வான். துணியைப் பற்றி நன்றாகத் தெரிந்தவன் என்பதால் இறக்கையில் எங்கே கிழிந்தாலும் அவன்தான் தைப்பான். இரண்டாவது வருடமே எங்கள் எல்லோரையும்விட நன்றாகப் பறந்தான். காற்று ஏறும் இடம் அவனுக்கு எப்படியோ தெரிந்துவிடும். நாங்கள் கீழே இறங்கி இறக்கையை மடித்துக்கொண்டிருப்போம், அவன் மட்டும் கரட்டுக்கு மேலே இப்படியும் அப்படியும் போய்க்கொண்டிருப்பான்.

அவன் பறப்பது அம்மாவுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு வருவான். சிஸ்டருக்கு இது பிடிக்கவில்லை.

"ஊட்ல சொல்லிப்போடுங்க சாமி."

"சொன்னா உடமாட்டாங்க சிஸ்டர்."

"உடமாட்டாங்கதான். இருந்தாலும் சொல்லிப்போடுங்க."

அவன் வாயை மூடிக்கொண்டு சிரிப்பான்.

அந்த ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காற்று சீராக இருந்தது. தலைவர் சென்னையிலிருந்து சில நண்பர்களைக் கூட்டி வந்திருந்தார். நான் கீழே ஜீப்போடு நின்றேன், மேலே நடந்தது மற்றவர்கள் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். குமரேசன் ஒருமுறை பறந்துவிட்டு மேலே வந்து, இரண்டாவது முறைக்குத் தயாராகிக் கொக்கியை மாட்டிக்கொண்டு நின்றான். பக்கவாட்டுக் கம்பி ஒன்று தளர்ந்திருப்பதுபோலத் தெரிந்திருக்கிறது. கொக்கியைக் கழற்றிவிட்டுப் போய் அதை இறுக்கினான். திரும்ப வந்து இறக்கையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். கொக்கியை மாட்டவில்லை.

ஒருவர் ஓடுவதற்கு முன், இறக்கையின் முன்முனையான மூக்கைப் பிடித்து நிற்பவர் கொக்கியைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் கிளப்பின் முதல் விதி அது. அன்றைக்கு மூக்கைப் பிடித்து நின்றவர் தலைவர். நண்பர்கள் பக்கம் திரும்பி எதையோ விளக்கிக்கொண்டே, "ரெடியா?" என்றார். "ரெடி" என்றான் குமரேசன். அவர் விலகினார். இவன் ஓடினான்.

சிஸ்டர் கொஞ்சம் தள்ளித் தன் பட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். "கொக்கி! கொக்கி!" என்று அவர் அலறியது கேட்டு நான் கீழேயிருந்து நிமிர்ந்தேன். இறக்கை கிளம்பிவிட்டது. அவன் இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். கால்கள் காற்றில் எதையோ தேடின. ஆள் முழுப் பாரமும் முன்னால் இழுக்க, இறக்கை மூக்கைக் குத்திக்கொண்டு வேகமெடுத்தது. ஒரு பனைமர உயரத்தில் கை விட்டுப்போனது. கீழே கடலைக்காடு வருவதற்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது. அவன் விழுந்தது பாறையில்.

ஜீப்பின் பின்பக்கம் சிஸ்டர் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். தலைவர் எனக்குப் பக்கத்தில். நான் சேலம் ரோட்டில் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினேன். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. இறங்கி ஓடிப்போய்க் கெஞ்சினேன். "வண்டி வந்துருச்சுங்களே" என்று கேட்காரர் கையை விரித்தார். கூட்ஸ் வண்டி, பெட்டி பெட்டியாக, முடியாமல் போய்க்கொண்டேயிருந்தது.

நான் திரும்பி வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தபோது குமரேசனுக்கு நினைவு இருந்தது.

"நான் பொழச்சுக்குவனா?" என்றான்.

"ஒண்ணும் ஆகாது குமரேசா. பத்து நாள்ல எந்திரிச்சுருவ" என்றார் தலைவர், திரும்பிப் பார்க்காமல்.

அவன் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. "சிஸ்டர், நீங்க சொல்லுங்க" என்றான்.

சிஸ்டர் சும்மா இருந்தார். அவர் சும்மா இருந்து நான் பார்த்தது அப்போதுதான். அவன் மறுபடியும், "சொல்லுங்க சிஸ்டர்" என்றான்.

"இல்ல சாமி" என்றார்.

தலைவர் இருக்கையிலிருந்து எழும்பித் திரும்பினார். "பைத்தியமா உங்களுக்கு? வாய மூடுங்க!" என்று கத்தினார். நான் மேலே இருந்த கண்ணாடியில் குமரேசனின் முகத்தைப் பார்த்தேன். அவன் கண்களில் வந்த பயம் எந்த மனிதனுக்கும் வரக்கூடாத பயம். உதடு கோணி, சின்னக் குழந்தைபோல அழ ஆரம்பித்தான். சிஸ்டர் தன் அகலமான கையால் அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். வேறொன்றும் சொல்லவில்லை. ரயில் போய்க்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. அவன் பேசினான். ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் மூச்சு வாங்கினான்.

"அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க சிஸ்டர். ஓவர்டைம்னு சொன்னதெல்லாம் பொய்யின்னு சொல்லுங்க. வைய வேண்டாம்னு சொல்லுங்க."

"சொல்றேன் சாமி."

"பறந்தேன்னு சொல்லுங்க. நல்லாப் பறப்பேன்னு சொல்லுங்க."

"நல்லாத்தான் பறப்பீங்க. உங்களாட்டம் யாருக்கும் வராது" என்றார் சிஸ்டர்.

கேட் திறந்து, நாங்கள் சேலத்துக்குள் நுழைவதற்கு முன்பே அவன் போய்விட்டான்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தலைவர் எங்களை ஒரு தூணுக்குப் பின்னால் கூட்டி நிறுத்தினார். "திடீர்னு ஒரு சுழல் காத்து. தூக்கி அடிச்சுருச்சு. அந்த எடத்துலயே உசுரு போயிருச்சு, வலியே தெரியல. அவங்கம்மாவுக்கு இவ்வளவு போதும். எல்லாரும் இதையே சொல்லுங்க." அவர் தனக்காக மட்டும் அதைச் சொன்னார் என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை. அவர் கண்கள் அழுது வீங்கியிருந்தன. எல்லோரும் தலையாட்டினோம். சிஸ்டர் அங்கே இல்லை. உள்ளே அவன் உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

போலீஸ் ஏட்டு விசாரித்தபோது நாங்கள் சுழல் காற்றைச் சொன்னோம். சிஸ்டர் கொக்கியைச் சொன்னார். மூக்கைப் பிடித்து நின்றது யார் என்று கேட்டதற்கு அதையும் சொன்னார். தலைவரை ஸ்டேஷனுக்கு அழைத்துப் பலமுறை விசாரித்தார்கள். கடைசியில் விபத்து என்று எழுதி முடித்தார்கள். அதற்குப் பிறகு கிளப்பில் யாரும் சிஸ்டரோடு பேசவில்லை. வெளியே போ என்று ஒருவரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரை ஏற்றிக்கொள்ள ஜீப் போகாது, அவ்வளவுதான்.

கருமாதி முடிந்த பிறகு ஜலகண்டாபுரம் போனோம். சிஸ்டர் தனியாகப் பஸ்ஸில் வந்திருந்தார். வீட்டின் முன்கூடத்தில் தறி துணியால் மூடிக் கிடந்தது. குமரேசனின் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எங்களை ஒவ்வொருவராகக் கேட்டார். "எம்மவன் எப்படிப் போனான்?" எல்லோரும் ஒன்றுபோலச் சொன்னோம். காற்று, அந்த இடத்திலேயே, வலி தெரியாமல். அந்த அம்மா ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கடைசியாக சிஸ்டரிடம் திரும்பினார்.

சிஸ்டர் அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து சொன்னார். கொக்கி, கை விட்டுப்போனது, ஜீப், ரயில்வே கேட். அவன் கேட்டது, தான் சொன்ன பதில். அவன் அம்மாவுக்குச் சொல்லச் சொன்னது. ஒன்றையும் விடவில்லை, கூட்டவும் இல்லை. தலைவர் பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்த அம்மா அசையாமல் கேட்டார். முடிந்ததும் எட்டி சிஸ்டரின் கன்னத்தில் அறைந்தார். "சாவப்போறவங்கிட்ட சாவப்போறேன்னு சொன்னியா? நீயெல்லாம் ஒரு பொம்பளையாடி? பொழச்சுக்குவேன்னு நெனச்சுக்கிட்டே போயிருப்பானே எம்மவன்! பயமுறுத்திக் கொன்னு போட்டியேடி!" மறுபடி மறுபடி அடித்தார். குமரேசனின் தங்கை வந்துதான் பிடித்துக்கொண்டாள். சிஸ்டர் நகரவும் இல்லை, கையால் தடுக்கவும் இல்லை. அந்த அம்மா ஓய்ந்த பிறகு எழுந்து, "போயிட்டு வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.

அந்த அம்மா சொன்னதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கண்ணாடியில் நான் பார்த்த பயத்தை, சிஸ்டர் மனசு வைத்திருந்தால், வராமலே தடுத்திருக்கலாம். ஆனால் அப்படிச் செய்திருந்தால், பத்து நாளில் எழுந்துவிடுவோம் என்று நம்பிக்கொண்டு அவன் அம்மாவுக்கு ஒரு சொல்லும் விடாமல் போயிருப்பான். இரண்டையும் இத்தனை வருடமாக மாற்றி மாற்றி யோசித்துவிட்டேன்.

கிளப் அதற்குப் பிறகு நிலைக்கவில்லை. இரண்டு ஆனி மாதம் ஒப்புக்குப் பறந்தார்கள். பிறகு இறக்கைகள் ஜவ்வரிசி ஆலைக் குடோனில் கிடந்து, எலி கடித்து வீணாய்ப்போயின.

சில வருடங்கள் கழித்து என் மனைவியைப் பிரசவத்துக்கு அதே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். மதியம் டீ வாங்கப் போகும்போது, வேப்பமரத்தடிச் சிமெண்டுப் பலகையில் சிஸ்டர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். தலைமுடி முன்பக்கம் நரைத்திருந்தது. மடியில் சாப்பாட்டு டப்பா. பக்கத்தில் ஒயர் கூடையோடு ஒரு வயதான பெண். கிட்டே போனதும்தான் குமரேசனின் அம்மா என்று தெரிந்தது.

சிஸ்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். "மாசம் ஒருக்கா வருவாங்க. கொஞ்சம் இருங்க, வாரேன்" என்றார். நான் மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றேன். அவர்கள் பேசுவது கேட்டது.

"அவன் தங்கச்சிக்குக் கண்ணாலம் பேசியிருக்குது" என்றார் அந்த அம்மா. பிறகு, "எல்லாரும் வேற வேற மாதிரிச் சொல்றாங்க. ஒருத்தன் சுழிக்காத்துங்கறான். அதே ஆளு அடுத்த தடவ பெருமழைங்கறான். நீ ஒருத்திதான் மாத்தாமச் சொல்ற" என்றார்.

சிஸ்டர் சாப்பிடாமல் டப்பாவை மூடி வைத்தார்.

"இன்னைக்கு ஒருக்கா மட்டும் அவங்களாட்டமே சொல்லேன். உழுந்த ஒடனே போயிட்டான், ஒண்ணும் தெரியலன்னு. ஒரே ஒருக்கா. உன் வாயால கேட்டா நம்பிருவேன்."

எனக்கு சிஸ்டரின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஆனாலும் பார்த்தேன். வாயைத் திறந்தார். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. மறுபடி முயன்றார். அந்த அகலமான கைகள் டப்பாவின் மூடியை அழுத்திப் பிடித்திருந்தன. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து முகவாயிலிருந்து சொட்டியது. நான் அவரோடு பழகிய அத்தனை வருடத்தில் அவர் அழுது பார்த்ததில்லை.

"என்னால முடியலீங்களே அம்மா" என்றார்.

அந்த அம்மா தன் முந்தானையை எடுத்து, சிஸ்டரின் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்துவிட்டார்.

"போவுது உடு. மொதல்ல இருந்து சொல்லு."

சிஸ்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அன்னைக்குக் காத்து நல்லாத்தானுங்கம்மா இருந்துச்சு" என்று ஆரம்பித்தார்.